இரண்டடி பின்னால் நின்றவள்

காதல் கதை எழுதுகிற பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அம்மா, நாயகி படிக்கிறவங்க மனசுல நிக்கணும்னா என்ன பண்ணணும்?" நாயகனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆறடி உயரம், தாடி, சொந்தக் கம்பெனி, மூக்கு நுனியில் கோபம். அவனை நீங்கள் தூக்கத்திலேயே எழுதிவிடுவீர்கள். நாயகிதான் பாடாய்ப் படுத்துவாள். இத்தனை நாளும் ஏதேதோ சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் நாயகிகளைக் கற்பனை செய்யவில்லை. பிடித்தேன். அப்படிப் பிடித்த ஒருத்தி, என் கதையை நம்பி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் உயிரை விடப் பார்த்தாள். கண் பார்வை மங்கிவிட்டதால் எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா? என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை.

நான் எழுத வந்தபோது மாத நாவல்கள்தான். பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். ஒரே மூச்சில் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது எனக்கு வாய்த்த ஆசிரியரின் பெயர் இங்கே வேண்டாம். என் முதல் நாவலைப் படித்துவிட்டு, "உங்க நாயகி கடை வாசல்ல நிக்கிற பொம்மை மாதிரி இருக்கா. வெளிய போய் ஒரு ஆளைப் புடிங்க" என்றார். தெருவில், பஸ்ஸில், எங்கேயாவது முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நாவல் முடியும்வரை தினம் அவளைக் கவனிக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று, அவளிடம் பேசக் கூடாது. "பேசினா கேஸ் சிலிண்டர், மாமியார், பையனோட மார்க்குன்னு ஆரம்பிச்சிடுவா. அப்புறம் உங்களுக்கு எங்க காதல் வரும்?" என்று கேட்டார்.

அந்த வழி எனக்கு நன்றாகவே பிடிபட்டது. அம்பத்தூர் மார்க்கெட்டில் கீரை வாங்க வருகிற ஒருத்தி, ஆவடி பஸ் நிலையத்தில் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டே நிற்கிற டீச்சர் ஒருத்தி, பூந்தமல்லி மருந்துக் கடையில் பில் போடுகிற ஒருத்தி. நூறு நாவலுக்கு மேல் இப்படித்தான் ஓடியது. ஒருத்தியிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பிறகு மாத நாவல்கள் குறைந்து இணையத் தொடர்கள் வந்தன. நானும் மாறிக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு ஒரு அத்தியாயம். பத்தே காலுக்குக் கீழே கருத்துகள் கொட்டத் தொடங்கும். வாசகர் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் அதை அடுத்த அத்தியாயத்தில் நுழைத்துவிடுவது நம் வழக்கம். அவருக்குப் பெருமை, நமக்கு வேலை மிச்சம். நீங்களும் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். இந்தக் கதையில் நான் சறுக்கின இடங்களில் அதுவும் ஒன்று.

நான் தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருமுல்லைவாயிலில் ரயில் நிலையத்துக்கு அருகில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். இது நடந்த வருஷம் தொடருக்கு ஆள் தேடி, ஒரு சீசன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு தினம் காலையில் பிளாட்பாரத்துக்குப் போக ஆரம்பித்தேன். எட்டு மணி பத்து நிமிஷ வண்டிக்கு வருகிற ஒரு பெண்ணைப் பார்த்ததும் தேடல் முடிந்தது.

முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். பட்டரவாக்கத்தில் இறங்கி தொழிற்பேட்டைக்கு நடந்து போகிற கூட்டத்தில் ஒருத்தி. ஏதோ ஏற்றுமதித் துணிக் கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் திருப்பிப் போட்டிருப்பாள், பெயர் தெரியாது. உட்கார மாட்டாள். செருப்பைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு நிற்பாள். வண்டி வருகிற சத்தம் கேட்டதும் சரியாக இரண்டு அடி பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொள்வாள். வண்டி நின்ற பிறகுதான் திறப்பாள். அதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு நாயகி கிடைத்துவிட்டாள்.

நாயகிக்கு இளவேனில் என்று பெயர் வைத்தேன். நாயகன் கௌதம். பிளாட்பாரத்தில் எங்கோ நின்று தினமும் அவளைப் பார்க்கிறவன். இருபது அத்தியாயம் ஆகியும் அவள் முன்னால் வரமாட்டான். அதுதான் என் உத்தி. எழுத எனக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. அவன் எதைப் பார்க்கிறான் என்று யோசிக்கவே வேண்டாம், நான் பார்த்ததை அவன் கண்ணுக்குக் கொடுத்தால் போதும். அவளுடைய கைபேசியின் மூலையில் இருக்கும் விரிசலைக்கூட எழுதினேன். நானும் கூடவே ஏறிக்கொள்கிற வண்டியில் அதைப் படித்துக்கொண்டே கீழுதட்டைக் கடிப்பாள், அதையும் எழுதினேன். அப்படி என்னதான் படிக்கிறாள் என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்த இரண்டடியும் கண் மூடலும் வந்தன. அன்று மதியம் 'இரண்டடி' என்ற பெயரில் ஒரு புது வாசகரின் கருத்து வந்தது. "அவள் இரண்டு கண்ணையும் மூடுவதில்லை. வலது கண் கொஞ்சம் திறந்திருக்கும்."

சும்மா ஏதோ சேர்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் வழக்கமாக நிற்கும் தூணுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தேன். வண்டி உள்ளே வந்தது. அவள் பின்னால் போனாள், கண்ணை மூடினாள். வலது இமைக்குக் கீழே வெள்ளைக்கோடு தெரிந்தது. தொடருக்கு முன்பிருந்தே, மூன்று மாதமாக அவளைப் பார்க்கிறேன், நான் கவனிக்கவில்லை. என்னைவிட நெருக்கமாக இவளை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிளாட்பாரத்தில் இருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். கம்பெனிச் சீருடையில் நாலு பேர், செக்யூரிட்டி வேலைக்குப் போகிற பெரியவர் ஒருவர், காதில் ஒயர் மாட்டின கல்லூரிப் பையன்கள். எல்லோரும் கைபேசிக்குள் தலையை விட்டிருந்தார்கள். ஒருத்தனும் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பயந்தவள் நிறுத்தியிருக்க வேண்டாமா? நான் அடுத்த அத்தியாயத்தில் அந்த வலது கண்ணைச் சேர்த்தேன். கீழே இதயக் குறிகளாகக் குவிந்தன.

வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கினால் நிலையத்து வாசலில் ஒரு முழம் மல்லிகை வாங்குவாள். தலையில் வைக்க மாட்டாள், பைக்குள் போட்டுக்கொள்வாள். யாருக்கு என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் நமக்கென்ன, கற்பனை இருக்கிறதே. என்றைக்கோ வரப்போகிற ஒருத்தனுக்காக அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள் என்று எழுதினேன். இரண்டடியிடமிருந்து பதில் வந்தது. "இதுவரை அம்மா படத்துக்குத்தான் போட்டாள். இனிமேல் தலையணைக்கு அடியில் வைப்பாள்."

அடுத்த சனிக்கிழமை காலை அவள் வந்தபோது காதுக்குப் பின்னால் முடியில் ஒரு வாடின மல்லிகை இதழ் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே தூணைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், "நாளைக்குப் பச்சை துப்பட்டா வராது. ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது" என்று இரண்டடியின் கருத்து. வெள்ளிக்கிழமை என்றால் பச்சை துப்பட்டா, அது தவறினதே இல்லை. மறுநாள் அவள் காவி நிறத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். இந்த ஆள் பிளாட்பாரத்தில் மட்டும் நிற்கவில்லை, அவள் வீட்டுத் துணிக்கொடிவரைக்கும் போகிறான் என்று முடிவு கட்டினேன். அவளிடம் போய், "ஜாக்கிரதையா இரும்மா, உன்னை யாரோ கவனிக்கிறாங்க" என்று சொல்லியிருக்கலாம். பேசக் கூடாது என்ற விதி இருந்தது. அதைவிட, தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. பயம் ஒரு பக்கம், அந்தப் பயத்தை அப்படியே எழுத்தில் இறக்கிவிட வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். ஆசைதான் ஜெயித்தது. என்னைப் பற்றி நானே சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் வந்தது இது. "ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கௌதம் அதற்குள் பேசிவிடுவானா?"

இதை நான் ஒரு வாசகரின் யோசனை என்று எடுத்துக்கொண்டேன். நல்ல யோசனைதான். தொடரும் இருபத்து நாலு அத்தியாயத்தைத் தாண்டிவிட்டது, ஒரு திருப்பம் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அத்தியாயத்தில் இளவேனில் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வந்தவர்கள் முன்னாலேயே, "என்னை ஒருத்தர் தினம் பார்க்கிறார். அவரைத் தவிர வேறு யாருக்கும் நான் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்றாள். கடைசியில் ஒரு முன்னோட்டமும் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி, அதே பிளாட்பாரம், கௌதம் வருவான்.

திங்கட்கிழமை காலை அவள் பிளாட்பாரத்துக்கு வந்தபோது துப்பட்டாவால் முகத்தின் வலது பக்கத்தை மறைத்திருந்தாள். காற்றில் அது விலகியது. கண்ணைச் சுற்றிக் கருநீலமாக வீங்கியிருந்தது. வழக்கம்போல் நின்றாள். கைபேசியை எடுத்தாள். மெதுவாக ஏதோ தட்டினாள். முடித்துவிட்டுப் பையில் வைத்தாள்.

என் கைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். இரண்டடி. "சொல்லிவிட்டாள். அடி விழுந்தது. இன்றைக்கு வலது கண் முழுதாக மூடியிருக்கிறது. பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணி."

பத்தடி தூரத்தில் அவள் நிற்கிறாள். வேறு யாரும் அவளைக் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. அவளே தன்னைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், கௌதமுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. வண்டி வந்தது, அவள் ஏறினாள். நான் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து விஜியைக் கூப்பிட்டேன். விஜிதான் எங்கள் தொடர்கள் வருகிற இணையதளத்தின் அட்மின். மாங்காட்டில் இருக்கிறாள், பத்து வருஷப் பழக்கம், கெட்டிக்காரி. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்த ஐடிய ப்ளாக் பண்ணிடட்டுமாக்கா?"

"பண்ணிட்டா அவ யார்கிட்ட சொல்லுவா?"

"அப்ப ஹீரோவக் கொன்னுடுங்க. ஆக்ஸிடென்ட். அழுதுட்டு அவங்க வேலையப் பாக்கப் போய்டுவாங்க."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. செவ்வாய்க்கிழமை அத்தியாயத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, மதியம் உட்கார்ந்து எழுதினேன். கௌதம் வருகிற வழியில் லாரி மோதுகிறது. இளவேனிலுக்குப் பிளாட்பாரத்தில் செய்தி வருகிறது. வண்டி வருகிற சத்தம் கேட்கிறது. அவள் இந்தத் தடவை பின்னால் போகவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு இரண்டடி முன்னால் போகிறாள்.

எழுதின பிறகுதான் படித்துப் பார்த்தேன். நான் திட்டம் போட்டு எழுதவில்லை பிள்ளைகளா. அழவைத்து வீட்டுக்கு அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் ஆறு மாதம் அவளையே பார்த்துப் பழகின கை அது, அவள் என்ன செய்வாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. முழுவதையும் அழித்தேன். அவனைக் கொன்றாலும் ஆபத்து, வரவைத்தாலும் வரப்போவதில்லை. அப்படியென்றால் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை பக்கத்தில் போய் நின்றேன், வாய் வரவில்லை. வியாழக்கிழமை இன்னும் பக்கத்தில் நின்றேன். அவள் தலையில் தேய்த்த எண்ணெய் வாசம் தெரிந்தது. "ஏம்மா" என்று தொடங்கினேன். வண்டிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதும்போது பக்கம் பக்கமாக வசனம் பேசுகிற ஆள் நான், பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை அத்தியாயம் போடவில்லை. கீழே அடுத்த அத்தியாயம் கேட்டு "யூடி எங்கே", "கௌதம் எங்கே" என்று கூச்சல். ஐந்தரை மணிக்கே பிளாட்பாரத்துக்குப் போய்விட்டேன். ஐந்து ஐம்பது வண்டியில் அவள் இறங்கினாள். கிழிசலைத் தைத்த பச்சை துப்பட்டா. தலை நிறையப் பூ. வீக்கம் வடிந்த இடத்தில் பவுடர் பூசியிருந்தாள். வெளியே போகாமல் காலையில் நிற்கிற அதே இடத்தில் வந்து நின்றாள்.

ஆறு மணி ஆனது. ஒரு வண்டி வந்து கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போனது. இறங்கின ஒவ்வொரு ஆணின் முகத்தையும் அவள் பார்த்தாள். சிலர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி. விளக்குகள் எரியத் தொடங்கின. என் கைபேசி அதிர்ந்தது. "வரவில்லை." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதிர்ந்தது. "கதையிலும் வரவில்லை."

நிற்காமல் போகும் வண்டி வருகிறது, பயணிகள் தள்ளி நிற்கவும் என்று ஒலிபெருக்கி சொன்னது. எல்லோரும் விலகினார்கள். அவள் கைபேசியைப் பைக்குள் வைத்தாள், பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். வண்டியின் விளக்கு தெரிந்தது. அவள் பின்னால் போகவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. ஒரு அடி முன்னால் வைத்தாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி. ஓடிப் பிடிக்கிற உடம்பில்லை என்னுடையது. கூப்பிடலாம் என்றால் பெயர் தெரியாது. ஆறு மாதமாகத் தினம் பார்த்த பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது.

"இளவேனில்!" என்று கத்தினேன்.

திரும்பினாள். அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். அவ்வளவு சந்தோஷம். யார் கூப்பிட்டது என்று என்னைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னால் தேடினாள். அதற்குள் வண்டி அவள் முதுகுக்குப் பின்னால் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உன் பேரு என்னம்மா?"

"அமுதா. அந்தப் பேரு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்களும் படிக்கிறீங்களா?"

"நான்தாம்மா எழுதறேன்."

கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது. "அப்ப அவரு எங்க?"

"யாரு?"

"உங்களாண்ட சொல்றவரு. அவரு பாத்து வந்து சொல்றாரு, நீங்க எழுதறீங்க. அது எனக்கு மொதல்லயே தெரியும். நேர்ல பாக்காம எவன் அப்பிடி எழுதுவான்? நான் கண்ண மூடறது எங்க ஊட்லயே எவனுக்கும் தெரியாது. ஏன் வர்ல அவரு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அந்த ஒரு நொடியில் என் வாயில் பத்துப் பொய் வந்து நின்றது. வெளிநாடு போய்விட்டான், அடுத்த மாதம் வருவான், அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள். அவள் நம்பும்படி சொல்வதுதானே என் பிழைப்பு. ஒவ்வொன்றையும் மனசுக்குள் சொல்லி, அதற்கப்புறம் நாளைக் காலை அவள் இங்கே எப்படி நிற்பாள் என்று பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யாரும் சொல்லலம்மா. உன்னைப் பாத்தது நான்தான்."

"நீங்களா?"

"ஆமா."

"டெய்லியுமா?"

"ஆறு மாசமா, டெய்லி. எட்டு பத்து வண்டிக்கு. அதோ, அந்தத் தூணுகிட்ட நிப்பேன்."

தூணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் நரைமுடி, கண்ணாடி, கைப்பை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வேற யாரும் இல்லியா?"

"இல்லம்மா."

தலையிலிருந்து பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"ஆறு மாசமா பக்கத்துலயே நின்னுகினு கீற," என்றாள். "ஒரு வாட்டி ஒரு வார்த்த பேசிருக்கலாம்ல?"

தரையில் கிடந்த அவள் பையை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

கொஞ்சம் கழித்து அவளே, "ஊட்டுக்கு வந்து சொல்றீங்களா? எவன் அவன், எவன் அவன்னு கேட்டுகினேதான் அண்ணன் அடிக்கிது. யாரும் இல்லனு நான் சொன்னா நம்பாது" என்றாள். போனோம். கோயில் குளத்தைத் தாண்டி ஒரு சந்து. அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர், கையெல்லாம் கிரீஸ் கறை. அவரும் அவர் மனைவியும் வாசலில் நின்றுகொண்டே கேட்டார்கள். ஆள் யாரும் இல்லை, கதை எழுதினது நான், அதில் வருகிறவனை இவள் நிஜம் என்று நினைத்துவிட்டாள், தப்பு முழுவதும் என்னுடையது, இவள்மேல் கை வைக்காதீர்கள் என்று சொன்னேன். கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன்.

"கதையா?" என்றார் அண்ணன், அமுதாவைப் பார்த்து. "கதையில வர்றவனுக்கோசரமா பொண்ணு பாக்க வந்தவங்கள வாணாம்னுட்ட?"

அண்ணி சிரித்துவிட்டாள். அப்புறம் அண்ணனும் சிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்களிடம் அண்ணி விஷயத்தைச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள்.

"நீ போம்மா," என்றார் அண்ணன் என்னிடம். "இனிமே ஏன் அடிக்கப் போறேன்? ஆள் இருந்தாத்தான அடிக்கணும்."

அமுதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அடியிலிருந்து காப்பாற்றிவிட்டேன். அதற்கு விலையாக அவளிடம் இருந்த ஒரே ஒரு ஆளையும் பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது வாய்விட்டு அழுதேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொடரை அங்கேயே நிறுத்தினேன். விஜி எவ்வளவோ கெஞ்சினாள். அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. நீங்கள் நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் தினம் ஒருத்தன் அவளைப் பார்க்கிறான் என்று எழுதும்போது, கொஞ்சம் கையை நிறுத்தி யோசியுங்கள். தன்னை யாராவது பார்க்க மாட்டார்களா என்று ஏங்குகிறவர்களுக்குத்தான் நாம் விற்கிறோம். நம் கடையில் வேறு சரக்கு இல்லை. அந்த ஏக்கம் எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாமல் முப்பது வருஷம் வியாபாரம் செய்திருக்கிறேன்.

தெரிந்தது அதற்கப்புறம்தான்.

எட்டு பத்து வண்டிக்கு அமுதா வருவதில்லை. ஷிப்டு மாறிவிட்டாளோ, வேலையை விட்டுவிட்டாளோ, ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டுக்குப் போக எனக்கு முகமில்லை. ஆனாலும் காலையில் பிளாட்பாரத்துக்குப் போவதை விட முடியவில்லை. ஒரு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, நின்றுபோன அந்தத் தொடருக்குக் கீழே புதிதாக ஒரு கருத்து வந்தது. இரண்டடி.

"நீலப் புடவை. படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறங்குகிறாள். இடது கணுக்காலில் வீக்கம்."

நான் அன்றைக்குக் கட்டியிருந்தது நீலப் புடவை. சட்டென்று நிமிர்ந்து பார்த்தேன். அமுதா இந்தப் பிளாட்பாரத்தில் இல்லை, எதிரிலும் இல்லை. எல்லோரும் கைபேசிக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

புதன்கிழமை வந்தது. "டீ வாங்குகிறாள். குடிக்காமல் கையில் வைத்திருக்கிறாள். ஆறிப் போகிறது." கையில் இருந்த கோப்பையை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டேன். பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. வியாழக்கிழமை, "வந்ததிலிருந்து யாரையோ தேடுகிறாள். அவளோடு பேச யாரும் இல்லை" என்று வந்தது. அன்று பகல் முழுவதும் ஜன்னல் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். இரண்டாவது மாடி ஜன்னலை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை காலை என்ன செய்தேன் தெரியுமா? பீரோவில் இருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டினேன். முகத்துக்குப் பவுடர் போட்டேன். தலையை இரண்டு முறை வாரினேன். கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அறுபத்து நாலு வயதில், பயந்துகொண்டே, என்னைப் பார்க்கிறவளுக்காக நான் சிங்காரித்துக்கொண்டிருந்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி. எட்டு ஐந்து. ஒன்றும் வரவில்லை. நேற்றோடு சலித்துவிட்டாளோ என்று அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பையைக் கீழே வைத்தார்கள்.

"கால் இம்மாம் வீங்கிக் கீதே, டாக்டராண்ட காட்னீங்களா இல்லியா?" என்றாள் அமுதா.

நாலே நாள்தான் பார்த்திருந்தாள், பேசிவிட்டாள்.